ஒயரிங் சரி என்று ஒரு வரி

தூத்துக்குடி
ஜூன் 9, 2024

திரு. கிருபாகரனுக்கு,

ஸ்தோத்திரம். இது உமக்கல்ல, இரண்டு வீட்டாரையும் இதுவரை சுகமாய் வைத்திருக்கிற ஆண்டவருக்கு. உம் அக்கா சுதா நலம். நானும் நலம். நீர் நலமா என்று கேட்பது மரியாதை என்பதால் கேட்டு வைக்கிறேன்.

மூன்று வருடமாக நாம் பேசுவதில்லை. நாசரேத் கோவில் அசன விருந்தில் நான் நன்றியுரை சொல்ல எழுந்ததும், நீர் ஒயர் இழுத்த மைக் செத்துப்போனது. "மைக் செட்டுக்கே ஒயர் இழுக்கத் தெரியல, கரண்டு ஆபீஸ்ல முப்பது வருசம் என்னத்தக் கிழிச்சான்?" என்று பக்கத்தில் நின்றவரிடம் மட்டும்தான் சொன்னேன். அந்த நேரம் பார்த்து மைக்குக்கு உயிர் வந்தது என் குற்றமா? சோற்று வாளியோடு நின்ற சபையார் அத்தனை பேரும் கேட்டார்கள். "இனி நான் முதல்ல பேசினா எம் பேரு கிருபாகரன் இல்ல" என்றீர். "எம் பேரும் பொன்னுதுரை இல்ல" என்றேன். அந்தச் சொல் நிற்கிறது. ஆனால் எழுதுவதில்லை என்று இருவருமே சொல்லவில்லை.

விஷயம் இதுதான். துறைமுகத்தில் ஆயுசு முழுக்க அடுத்தவன் கப்பலுக்கே காகிதம் நீட்டிய நான், ஓய்வு பெற்று சொந்தமாக ஒரு சின்னப் பாய்ப்படகு வாங்கியிருக்கிறேன். நாலு பேர் உட்காரலாம். காற்று நின்றுபோனால் கரை திரும்ப, பின்பக்கம் மாட்டுகிற ட்ரோலிங் மோட்டார் ஒன்றும் வாங்கினேன். பேட்டரியில் ஓடும். வீடு கட்டியபோது மிஞ்சிய ஒயரை நானே இழுத்து, தண்ணீர் டிரம்முக்குள் மோட்டாரை இறக்கி ஓடவிட்டேன். "அப்பளம் கருகுதா?" என்று கேட்டுக்கொண்டே சுதா வந்தாள். ஒயர்தான் கருகியது.

அன்றிலிருந்து ஒரே பிடிவாதம். "எந் தம்பி ஒயரிங் சரின்னு சொன்னாத்தான் நான் படகுல ஏறுவேன். கிறிஸ்மஸுக்குள்ள சொல்லலைன்னா படகை வித்திரணும்" என்கிறாள். நீர் வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்திருக்கிறீர், நானும் உம்மைத் தடுத்திருக்கிறேன். அவள் வழியாகக் கேட்கலாம் என்றால், "உங்க ரெண்டு பேருக்கும் நான் போஸ்ட்மேன் இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

அவளைக் கடலில் கூட்டிக்கொண்டு போகத்தான் வாங்கினேன். அவள் ஏறாவிட்டால் எனக்குப் படகு எதற்கு? ஆகவே "ஒயரிங் சரி" என்று ஒரு வரி எழுதி அனுப்பவும். நேரில் வர வேண்டிய அவசியம் இல்லை.

இப்படிக்கு,
உம் அக்காவின் கணவர்,
பொன்னுதுரை

•

கோயம்புத்தூர்
ஜூன் 20, 2024

மதிப்பிற்குரிய திரு. பொன்னுதுரை அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். என் மனைவி மெட்டில்டா, மகளுக்குப் பிரசவம் பார்க்கக் கனடா போனவள், பேரக்குழந்தை நடக்கட்டும் என்று அங்கேயே இருக்கிறாள். எனக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. உப்புமா நன்றாகவே வருகிறது.

முதலில் ஒன்று. அசனத்தில் மைக் செத்ததற்கு என் ஒயர் காரணம் அல்ல. மேடை ஏறிய ஒருவர் பிளக்கை மிதித்துவிட்டார். யார் என்று சொல்ல மாட்டேன். பெரிய பாதம்.

இரண்டாவது. டியூப்லைட் எரிய இழுக்கிற ஒயரில் ஐம்பது ஆம்பியரை விடுவது, கைப்பம்புக் குழாய்க்குள் தாமிரபரணியைத் திருப்பிவிடுவதற்குச் சமம். ஈயம் பூசிய செம்பு ஒயர், பதினாறு ஸ்கொயர் எம்எம் தடிமன், வாங்கவும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பிரேக்கர் வைக்கவும். எங்காவது ஷார்ட் ஆனால் அது விழுந்து கரண்டை நிறுத்தும். ஒயரைச் சும்மா முறுக்கிச் சுற்றாமல், முனையில் லக் என்கிற செம்பு வளையம் வைத்து அழுத்தி மாட்டவும். நீங்கள் சுற்றித்தான் இருப்பீர்கள்.

பார்க்காத ஒயரிங்குக்குக் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கில்லை. செய்துவிட்டு எழுதவும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கு மரியாதை.

கிருபாகரன்

•

தூத்துக்குடி
ஜூலை 7, 2024

திரு. கிருபாகரனுக்கு,

இங்கே சுகம். உம் சுகத்துக்காகச் சுதா ஜெபிக்கிறாள், நான் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறேன்.

என் பாதம் எட்டாம் நம்பர் செருப்புக்குள் போகும். அது பெரிய பாதமா என்பதைத் தேவனே அறிவார்.

சொன்னபடி ஒயர் மாற்றினேன். சுற்றியிருந்தது உண்மைதான். எப்படித் தெரிந்தது என்று கேட்கப்போவதில்லை. திரேஸ்புரத்தில் படகை இறக்கி மோட்டாரை முன்னால் போகிற பக்கம் திருப்பினேன். படகு பின்னால் போனது. வலை பின்னிக்கொண்டிருந்த ஆன்டனி, "அண்ணாச்சி, ரிவர்ஸ்ல எடுக்கியளோ?" என்றான். "ஆமா, வளைச்சு எடுக்க எடம் பத்தாது" என்றேன். முன்னால் முழுக்கக் கடல் கிடந்தது.

பின்னால் போவதில் ஒரு வசதி உண்டு. கரையில் நிற்கும் மனைவியைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் அவளும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அதுதான் சங்கடம்.

என்ன செய்யலாம்?

பொன்னுதுரை

•

கோயம்புத்தூர்
ஜூலை 16, 2024

மதிப்பிற்குரியவருக்கு,

நலம். உப்புமா.

சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றி மாட்டவும். மோட்டாரையே திருப்பி மாட்டலாமே என்று யோசித்திருப்பீர்கள். வேண்டாம்.

கிருபாகரன்

•

தூத்துக்குடி
ஆகஸ்ட் 18, 2024

கிருபாகரனுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். கச்சான் காற்று வீடு முழுக்க மணலைக் கொட்டிவிட்டுப் போகிறது. உமக்கு ரவையை நன்றாக வறுக்க வேண்டும், பாதி வறுத்தால் களியாகிவிடும் என்று எழுதச் சொன்னாள் சுதா. வேறு ஏதாவது சமைக்கக் கூடாதா என்பது என் கேள்வி.

சிவப்பு கறுப்பை மாற்றினேன். படகு முன்னால் போகிறது, மறுக்கவில்லை. ஆனால் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். மோட்டாருக்கு நாம் சொல்வது பிடிக்காதது போல் ஒரு முனகல். இந்த நிலையில் உம்மிடம் சரி என்று எழுதி வாங்குவது நியாயமில்லை. ஒயர் போகும் வழியை முழுக்கப் படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். நிதானமாகப் பாரும். அவசரம் இல்லை.

பொன்னுதுரை

•

கோயம்புத்தூர்
ஆகஸ்ட் 30, 2024

மதிப்பிற்குரிய திரு. பொன்னுதுரை அவர்களுக்கு,

நலம். ரவையை வறுத்தேன். முன்னேற்றம் தெரிகிறது. வேறு சமைக்கலாம்தான், ஒரு ஆளுக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறேன்.

படம் பார்த்தேன். கோடுகள் நேராக இருக்கின்றன. நிறைய யோசித்தேன். முனகலுக்கு உப்புக்காற்று காரணமாக இருக்கலாம். பேட்டரி, பிரேக்கர் எல்லாவற்றிலும் ஸ்க்ரூவைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, வாசலின் தடவி, மறுபடி முடுக்கவும். பிறகு என்ன ஆயிற்று என்று கட்டாயம் எழுதவும். சின்ன விஷயமானாலும் பரவாயில்லை, எழுதவும்.

கிருபாகரன்

•

தூத்துக்குடி
செப்டம்பர் 22, 2024

கிருபாகரனுக்கு,

சுகம். உம் மூட்டு வலி எப்படி இருக்கிறது? நீர் எழுதவில்லை, சுதா போனில் பேசும்போது கேட்டுவிட்டேன். அது ஒட்டுக் கேட்டது அல்ல. நான் அடுத்த அறையில் கதவருகே இருந்தேன்.

முனகல் நின்றது. நீர் கெட்டிக்காரர்தான். ஆனால் இப்போது புதிதாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மோட்டார் ஓடுவதில்லை. கோவில் முடிந்து வந்து போட்டுப் பார்த்தால் அசையாது. திங்கள் காலை ஒன்றுமே நடக்காதது போல் ஓடுகிறது. இப்படி ஒரு கோளாறை உம் சர்வீசில் கண்டதுண்டா?

பொன்னுதுரை

•

கோயம்புத்தூர்
அக்டோபர் 4, 2024

மதிப்பிற்குரிய திரு. பொன்னுதுரை அவர்களுக்கு,

நலம். மூட்டு வலி இருக்கிறது. கேட்டதற்கு நன்றி.

ஞாயிறு மட்டும் ஓடாத மோட்டாரைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அப்படி நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். சிக்கலான விஷயம், பொறுமையாகத்தான் பார்க்க வேண்டும். ஒன்று, முதல் பிரேக்கருக்கு அடுத்து இரண்டாவது பிரேக்கர் ஒன்றும் வைக்கவும். இரண்டு, கூடுதலாக ஒரு பேட்டரியும் படகில் இருக்கட்டும். மூன்று, சனிக்கிழமை மாலை எல்லா ஸ்க்ரூவையும் கழற்றி ஒயரிங்குக்கு ஓய்வு கொடுத்து, திங்கள் காலை முடுக்கவும். சில வாரங்கள் இப்படிச் செய்து, வாராவாரம் எழுதவும்.

கிருபாகரன்

•

தூத்துக்குடி
நவம்பர் 10, 2024

அன்புத் தம்பி கிருபாவுக்கு,

அக்கா ஜெபசுதா எழுதுகிறேன். ஆண்டவர் உன்னைச் சுகமாய்க் காப்பாராக. போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய். அதனால் நானும் பேனாவை எடுத்துவிட்டேன்.

சிவப்பு கறுப்பை மாற்றிய நாளிலிருந்தே அந்த மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது. முனகலும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. உன் கடிதம் வர வேண்டும் என்பதற்காக உன் அத்தான் உட்கார்ந்து கோளாறு யோசிக்கிறார். நல்ல கோளாறாக அமைந்துவிட்டால் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதல். எழுதியது பொய்யாகிவிடக் கூடாதாம், அதனால் நீ சொன்னதையெல்லாம் உண்மையிலேயே செய்கிறார். நன்றாக இருக்கும் ஒயரிங்கைச் சனிக்கிழமை கழற்றுகிறார், திங்கட்கிழமை மாட்டுகிறார். தபால்காரர் வரும் நேரம் கேட்டில் நிற்கிறார். போன வாரம் உன் கடிதம் வரவில்லை என்று மதியம் சாப்பிடவில்லை.

நான் கெடு வைத்தது படகுக்கு அல்ல, தம்பி. உங்கள் இரண்டு பேருக்கும்தான். மூன்று கிறிஸ்மஸ் உன் தட்டு இல்லாமல் பந்தி போட்டுவிட்டேன். எனக்கு ஆறவில்லை. நாலாவதுக்காவது வா.

நீ சரி என்று எழுதப்போவதில்லை என்றால், நானே ஒருநாள் படகில் ஏறி உட்கார்ந்துவிடுவேன், பார்த்துக்கொள்.

உன் அக்கா,
சுதா

•

கோயம்புத்தூர்
நவம்பர் 18, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஜெபத்தால் நலம்.

எனக்குத் தெரியும், அக்கா. அவர் வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்ததுமே தெரியும். அவ்வளவு சுத்தமான ஒயரிங்கை எங்கள் ஆபீசிலேயே நான் பார்த்ததில்லை. அதில் முனகல் வர வழியே இல்லை. "சரி" என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். எழுதிவிட்டால் அடுத்த கடிதம் எதற்கு வரும் என்று தோன்றியது. இங்கே என் கேட்டைத் திறப்பது கூரியர்காரரும் மீட்டர் ரீடிங் எடுப்பவரும்தான். அதனால் கெடுதல் இல்லாத வேலையாகப் பார்த்து எழுதி அனுப்பினேன். ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கிறிஸ்மஸுக்கு வர எனக்கும் ஆசைதான். வந்தால் அவருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முதலில் பேச மாட்டேன் என்று சபையார் முன்னால் சொன்னவன் நான். குழம்பை இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்பதைக்கூட எழுதித்தான் காட்ட வேண்டும்.

எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் சொல்லிவிடாதே.

தம்பி,
கிருபா

•

தூத்துக்குடி
டிசம்பர் 4, 2024

கிருபாகரா,

ஸ்தோத்திரம். இந்த முறை உனக்கும் சேர்த்துத்தான். நீ சுகமாய் இருக்கிறாய் என்று நேற்று காதாலேயே கேட்டுவிட்டேன். ஆனாலும் சுகமா?

நேற்று யார் முதலில் பேசினார்கள் என்று பிற்பாடு தகராறு வரக்கூடாது. ஆகவே நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் சுதா தானாகவே லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "அவன் சரின்னு எழுதுததுக்குள்ள எனக்கு எழுவது வயசாயிரும். வாங்க, போவோம்" என்றாள். வாடைக்காற்றுக்குப் பாய் விரித்து, முயல் தீவு தெரியும் மட்டும் போனோம். சுதா கீர்த்தனை பாடினாள். நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுகாலம் ஆகிறது.

அப்புறம் காற்று நின்றது. பாய் துவண்டது. அதற்குத்தானே மோட்டார் என்று போட்டேன். கொஞ்சம் ஓடி, அதுவும் நின்றது. "துடுப்பு எங்க?" என்றாள். துடுப்பு இருந்த இடத்தில்தான் நீ எழுதிய இரண்டாவது பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. துடுப்பு வீட்டில் கார் ஷெட்டில். நீரோட்டம் படகை மெதுவாகக் கப்பல் வரும் பாதைப் பக்கம் இழுத்தது. தூரத்தில் நிலக்கரிக் கப்பல் ஒன்று வந்துகொண்டிருந்தது.

சுதா உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "தம்பி, மோட்டார் நின்னுட்டுலே!" நீ சிரித்தாய். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாக்கா?" என்றாய்.

"செவ்வாக்கிழமைலே! நானும் படகுலதான் இருக்கேன்! கப்பல் வருது!"

உன் சிரிப்பு நின்றது. "அக்கா, பிரேக்கர் ஸ்க்ரூ ஆடுதான்னு அவர்ட்ட பாக்கச் சொல்லு" என்றாய். "எந்தப் பிரேக்கர்னு அவன்ட்ட கேளு" என்றேன். "ரெண்டாவதுன்னு சொல்லு." "கேட்டுச்சின்னு சொல்லு." சுதா இரண்டு பக்கமும் பார்த்தாள். போனைப் பேட்டரி மேல் வைத்தாள். "ரெண்டு பேரும் நேராப் பேசி என்னையக் கரை சேத்தாச் சேருங்க. இல்லன்னா பேசாமலே சாவோம். நான் இனி வாயத் தொறக்க மாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் பேசவில்லை. நீயும் பேசவில்லை. கப்பல் மட்டும் ஊதியது.

எனக்குப் பயமாக இருந்தது, கிருபாகரா. எனக்காக அல்ல, அவளுக்காக. அந்தப் பயத்தில்தான் புத்தி வேலை செய்தது. போனை வாய்க்கு நேரே பிடித்தேன். "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ" என்றேன்.

மைக் டெஸ்டிங் பேச்சில் சேராது. அது ஒரு ஆளிடம் சொல்வதில்லை, மைக்கிடம் சொல்வது. அசன மேடையில் நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்.

பிறகு நீ சொன்னாய், "கேக்குது அத்தான்."

மூன்று வருடமாக அந்தச் சொல்லை நான் கேட்கவில்லை. இத்தனை கடிதத்தில் ஒன்றில்கூட நீ எழுதவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடலில் காற்றே இல்லாததால் அலை தெறித்தது என்று சொல்லவும் வழியில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் உனக்கே தெரியும். வாராவாரம் கழற்றி மாட்டி இரண்டாவது பிரேக்கரின் ஸ்க்ரூ மரை தேய்ந்து, ஒயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. "முதல் பிரேக்கரை ஆஃப் பண்ணுங்க அத்தான். ரெண்டாவதக் கழத்தித் தூர வைங்க. மோட்டார் ஒயர முதல்லயே மாட்டுங்க" என்றாய். சுதாவின் கைப்பையில் இருந்த நகவெட்டி முனையால் முடுக்கினேன். ஓடியது. முன்னால்தான் ஓடியது. கரை சேரும் வரை நீ போனை வைக்கவில்லை.

"அந்த ரெண்டாவது பிரேக்கர் சும்மா எழுதுனது அத்தான்" என்றாய். "முனகலும் சும்மா எழுதுனதுதாம்ல" என்றேன். "தெரியும்" என்றாய். சுதா நம் இரண்டு பேரையும் என்ன சொன்னாள் என்பதை எழுத்தில் வைக்க விரும்பவில்லை.

கரையில் இறங்கியதும், படகை விற்றுவிடு என்பாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "வித்துட்டு? நீங்க ரெண்டு பேரும் பேசுன எடம் அது ஒண்ணுதான்" என்றாள்.

ஆக, முதலில் பேசியது நீ. உன் பெயர் இனி கிருபாகரன் இல்லை. வேறு என்ன பெயர் என்று கிறிஸ்மஸுக்கு வந்து சொல். நேரில் வர வேண்டிய அவசியம் இருக்கிறது.

உன் அத்தான்,
பொன்னுதுரை
(என் பெயரில் மாற்றம் இல்லை.)

•

கோயம்புத்தூர்
டிசம்பர் 10, 2024

அன்புள்ள அத்தானுக்கு,

மிகவும் நலம். நீங்களும் அக்காவும் நலமாய்க் கரையிலேயே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மைக் டெஸ்டிங் பேச்சில் சேராது என்பதை மின்சாரம் தெரிந்தவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். தோற்றது நான்தான்.

ஜூன் மாதத்திலிருந்து நீங்கள் கேட்கும் அந்த ஒரு வரியை இப்போது எழுதுகிறேன். ஒயரிங் சரியில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து அதைக் கெடுத்துவிட்டோம். முழுக்கக் கழற்றி, புதிதாக இழுத்து, ஒயர் போகும் இடத்தில் நீங்கள் மிதிக்காதபடி பலகை போட்டு மூட வேண்டும். நிதானமாகச் செய்தால் ஒரு மாதம் பிடிக்கும். மெட்டில்டா ஊர் திரும்பும் வரைகூடப் பிடிக்கலாம்.

இருபதாம் தேதி காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவருகிறேன். அக்காவிடம் சொல்லுங்கள், எது சமைத்தாலும் சாப்பிடுவேன், உப்புமா மட்டும் வேண்டாம்.

பெயர் இன்னும் முடிவாகாத,
உங்கள் மச்சினன்